அக்காவுக்குப் பதிலாக நான் சொன்ன பதில்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது இது. டாக்டரின் அறைக்குள் என் அக்காவும் நானும் இருந்தது மொத்தமே இருபது நிமிடம்தான் இருக்கும். அதற்குள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டது அக்காவிடம். பதில் சொன்னது நான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் முட்டாள்தனம் முழுதாகப் புரியும். ஸ்கூடாயில் ஒரு பல் கிளினிக்கில் பதினெட்டு வருடமாகக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்போம். சர்க்கரை உண்டா, இருதயக் கோளாறு உண்டா, காசநோய் வந்ததுண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி இருக்கும். பாதிப் பேர் எதையும் படிக்காமல் மேலிருந்து கீழே வரை ‘இல்லை’ என்று ஒரே கோடு இழுத்துக் கொடுப்பார்கள். நான் விடமாட்டேன். எல்லார் முன்னாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, ஊசி போட்ட பிறகு மயங்கி விழுந்தால் யாருக்குக் கஷ்டம் என்று கேட்பேன். என் வாய்க்குப் பயந்தே ஒழுங்காக எழுதுகிறவர்கள் உண்டு. வீட்டிலும் ஆஸ்பத்திரி விவகாரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள். பொந்தியானில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தினாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் பாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் புரட்டிப் பார்க்காமல் நம்பரைச் சொல்வாள். இருபது வருடத்துக்கு முந்தைய திருநாளில் என்ன பாட்டு, யார் தாளம் தப்பினார்கள், அன்றைக்கு யார் என்ன சேலை என்பது வரை ஞாபகம் வைத்திருப்பாள். அவளிடம் எதையும் மாற்றிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அன்னாசி லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். சட்டை பட்டன் அறுந்தால் தானே ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்துவிடுவார். அவ்வளவு பெரிய ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பட்டன் தைப்பதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். அவரும் சிரித்துக்கொள்வாரே தவிர, ஒரு நாளும் சட்டையை அக்காவிடம் நீட்டியதில்லை.

அந்த வருடம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறது, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். அக்கா மாமாவிடம் சொல்லவில்லை. கல் விஷயமாக இன்னொரு ஸ்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்குப் போன் பண்ணி, ஆஸ்பத்திரியில் என் போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஸ்கேன் எடுத்த அன்று அவளுடைய தாலிச் சங்கிலியும் தோடும் என் கைப்பையில் இருந்தன. வெளியே வந்தவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. மூச்சை இழு, பிடி என்று அந்த மெஷின் மலாயில் சொல்லுமாம். பிடித்தாளாம். விடலாம் என்று அது சொன்ன பிறகும் தன்னிடம் இன்னும் பாதி மூச்சு பாக்கி இருந்ததாம். பாட்டுக்காரி இல்லையா, அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அடுத்த வாரம், நான் முதலில் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை, முடிவு கேட்கப் போனோம். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையானவர். திரையை எங்கள் பக்கம் திருப்பி, படத்தை மேலிருந்து கீழாக ஒவ்வொரு துண்டாக நகர்த்திக் காட்டினார். வலது பக்கம் மேலே சுருங்கிப்போன ஒரு தழும்பு, நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. இது ரொம்பப் பழையது, ஆறிப்போனது, இதனால் பயமில்லை என்றார். பிறகு இன்னும் கீழே நகர்த்தி, இடது பக்கம் ஒரு பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளியைக் காட்டினார். இது என்னவென்றுதான் எனக்குத் தெரியவேண்டும் என்றார்.

இப்படிப்பட்ட புள்ளி ஆயிரம் காரணத்தால் வரலாமாம். ஓரம் வழவழப்பாக இருந்து, உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் சாதுவானதாம். ஓரத்தில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் புற்றுநோயோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். அக்காவுடையது இரண்டுங்கெட்டான். ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் லேசாகப் பிசிறு. ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது, இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று தெரியும் என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அக்காவைப் பார்த்துக் கேட்டார், முன்னால் எப்போதாவது காசநோய் வந்திருக்கிறதா, பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று.

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். இல்லை டாக்டர், எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அது பொய். அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் காசநோய் வந்தது. அப்போது நாங்கள் லாபிஸ் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். விஷயம் வெளியே தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள், அவள் கதை இப்படியென்றால் எனக்கு யார் வருவார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பயம். தையல் படிக்கப் போகிறாள் என்று சொல்லி மூவாரில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆறு மாதம், தினமும் காலையில் கிளினிக்கில் வரிசையில் நின்று, நர்ஸ் கண் முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டு வருவாள். நோய் குணமாகிவிட்டது. அவள் திரும்பி வந்ததும் எஸ்டேட்டில் ஆளாளுக்கு ஜாக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆறு மாதம் தையல் படித்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. மெஷின் கெட்டுப்போச்சு, கண் எரியுது என்று நாள் கணக்காகச் சாக்குச் சொன்னோம். அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். எனக்குப் பதினைந்து வயது.

மூன்று வருடம் கழித்து அக்காவுக்கும் மாமாவுக்கும் நிச்சயமானது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். அந்த மூன்று ஞாயிறும் அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. யாராவது எழுந்துவிடுவார்களோ என்று அவளுக்கு நடுக்கம். யாரும் எழவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் இருவருக்குள்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. அக்கா மகளுக்கு அந்த நேரத்தில்தான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் சித்தி அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் நர்ஸ். ஃபைலில் ஏறிய விஷயம் அவர் காதுக்குப் போகாதா என்று எனக்குப் பயம். பைத்தியக்காரத்தனம்தான். முப்பது வருடத்துக்கு முன் குணமான நோய்க்காக இந்தக் காலத்தில் எந்தக் கல்யாணம் நிற்கப்போகிறது? ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும், தவற விடாதீர்கள் என்று டாக்டர் தேதி எழுதிக் கொடுத்தார். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். டாக்டருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்கிற சிரிப்பு அது. அது அந்தப் பழைய காசநோயின் மிச்சம்தான், வேறென்ன என்று நான் சொன்னேன். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று டாக்டர் தனித்தனியாகக் காட்டியதெல்லாம் எங்கள் காதில் ஒன்றாகவே விழுந்தது. போகிற வழியில் ஒரு கடையில் மீ ரெபுஸ் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அக்கா இரண்டாவது தட்டும் வாங்கினாள்.

மூன்று மாதம் ஆனபோது கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. ஸ்கேன் தேதி வந்த வாரம், கோயிலில் அக்கா மகளுக்கு இரண்டாவது ஓலை. ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணம் முடியட்டும் என்று, கல் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட மாதிரியே இந்தத் தேதியையும் தள்ளினேன். அந்தத் தேதிக்கும் போகவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கல்யாணம் முடிந்து விருந்து, மறுவீடு என்று இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண், சந்தோஷம் என்றாள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அக்காவாவது கேட்டாளா என்றால், ஒரே ஒரு தடவை கேட்டாள். கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அந்த ஸ்கேனுக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துடலாமா என்றாள். நமக்குத்தான் என்னன்னு தெரியுமேக்கா, சும்மா ஏன் என்று நான்தான் சொன்னேன். சரி என்றுவிட்டாள். ஆஸ்பத்திரி விவகாரம் எனக்குத் தெரியும் அல்லவா.

அடுத்த வருடம் ஈஸ்டருக்கு, உயிர்ப்புத் திருநாள் பூசைக்கு நானும் பொந்தியான் போயிருந்தேன். பாட்டின் நடுவில் ஒரு நீளமான இடம் வரும். அக்கா அதை ஒரே மூச்சில் பாடுவாள், அதைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் சமாளித்துப் பாடி முடித்தார்கள். அக்கா புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றாள். இரண்டு மாதமாக இருமல், தோள்பட்டையில் ஒரு வலி, கேன்டீன் வேலையால் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதி வாங்கினேன்.

மறுபடியும் அதே டாக்டர், அதே அறை. முதல் ஸ்கேன் எடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது பக்கத் தழும்பு இரண்டிலும் ஒன்றேதான், ஒரு முடி அளவுகூட மாறவில்லை. இடது பக்கப் பட்டாணி கோலிக்குண்டாகியிருந்தது. ஓரம் முழுக்க முள். நெஞ்சுக்கு நடுவிலும் நெறிகட்டியிருப்பது தெரிந்தது. டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்பே, இரண்டு படத்தையும் பார்த்த எவருக்கும் அது தெரிந்துவிடும்.

அப்போதுதான் என் வாயிலிருந்து உண்மை வந்தது. டாக்டர், அக்காவுக்குச் சின்ன வயதில் காசநோய் இருந்தது, அதனால்தான் நாங்கள் வரவில்லை என்று உளறினேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வலது பக்கத்தைத் தொட்டு, இது காசநோய்த் தழும்பு என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது, அதனால்தான் கேட்டேன் என்றார். பழைய எக்ஸ்ரே ஏதாவது கிடைக்குமா என்றார். கிடைக்காது என்று சொல்ல நான் வாயெடுத்தபோது அக்கா, வீட்டில் இருக்கிறது என்றாள்.

எனக்கே தெரியாது. மூவாரில் வைத்தியம் முடிந்தபோது கொடுத்த எக்ஸ்ரேயை அக்கா தூக்கிப்போடவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்று பயம். எரித்தால் வாடை வருமோ என்று பயம். கல்யாணச் சேலைக்கு அடியில் மறைத்து, பொந்தியானுக்குக் கொண்டுபோய், அலமாரியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே வைத்திருந்தாளாம்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொல்லியாக வேண்டும். நோய் இன்னதென்று நானே சொன்னேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, இன்னொன்றும் சொல்ல வேண்டும் மாமா, அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நோய், அப்போது எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் கேட்கிறார் என்று நான் இழுத்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, இதைத்தானே கேக்கிறாங்க என்றார்.

அக்கா முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. மாமாவின் அண்ணன் அந்தக் காலத்தில் மூவாரில் நாற்காலி, மேசை செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் கிளினிக் வரிசையில் அக்காவைப் பார்த்திருக்கிறார். நிச்சயதார்த்தத்தில் அவளை அடையாளம் கண்டு தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மாமா, இதை இத்தோடு விட்டுவிடு என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டார். முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த உறையையும் என்றோ அலமாரியில் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். தையல் எங்கே படித்தாள் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. பட்டன் அறுந்தால் தானே தைத்துக்கொண்டார்.

“தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க” என்றாள் அக்கா.

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார் மாமா. “சொல்லல. சரி, சொல்ல வேணாம்னு நெனைக்கிறா, நாம ஏன் கேட்டு நோகடிக்கணும்னு விட்டுட்டேன் லா.”

அக்கா அழுதாள். இருமலும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமா எழுந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு நல்ல மனிதரிடம் முப்பது வருடம் எதை மறைத்தோம், எதற்காக மறைத்தோம் என்று நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை.

மறுவாரம் டாக்டர் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் மஞ்சளடித்துப்போய் இருந்தாலும் படம் தெளிவாகத்தான் இருந்தது. வலது பக்கம் மேலே அந்தத் தழும்பு. இடது பக்கம் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். எக்ஸ்ரேயில் சின்னப் புள்ளி எல்லாம் தெரியாது, இதை வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாதுதான் என்றார். ஆனாலும் இது அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், இரண்டும் வேறு வேறு, இடது பக்கத்தில் இருப்பது பழைய நோயின் மிச்சம் இல்லை என்று உங்களுக்கு அழுத்திச் சொல்லியிருப்பேன் என்றார். மேலே எதுவோ சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இந்த நோய் வந்த வீடுகளில் நடப்பதுதான். ஊசி மருந்து, வாந்தி, கொட்டிப்போன முடி, கொஞ்ச நாள் தேறுவது, மறுபடி படுப்பது. ஒவ்வொரு தடவை சிடி ஸ்கேனுக்குப் போகும்போதும் தாலிச் சங்கிலி என் கைப்பைக்குள் வரும். மூச்சைப் பிடி என்று மெஷின் சொல்கிற நேரத்துக்கு அவளால் பிடிக்க முடியவில்லை என்று ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு ஸ்கேன் அறையைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. மாமா லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதாலோ என்னவோ, அந்தக் கடைசி மாதங்களில் இரண்டு பேரும் அப்படிப் பேசினார்கள். எஸ்டேட் கதை, மூவார் கதை, பெரியம்மா வீட்டுக் கதை. ஒரு நாள் மாமா அவளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் தையல் கிளாஸ் என்று நான் சீண்டினேன். அக்கா சிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்னை இரண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது போனில் நான் சொன்ன பொய்யைக்கூட மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, சாப்பிட்டியா என்றார். ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த முதல் செவ்வாய்க்கிழமை, டாக்டர் கேட்டதும் அக்கா வாயைத் திறந்தாளே, என்ன சொல்லத் திறந்தாள்? அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இல்லை, அவள் சொல்ல வந்தது வேறு என்று உடனே தோன்றும். அந்த எக்ஸ்ரே வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஸ்கேனுக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துடலாமா என்று கேட்டவளும் அவள்தான்.

அவள் போவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு மதியம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கோயிலில் அந்த ஞாயிறு பாடப்போகிற பாட்டுகளின் நம்பரைச் சொல்லி என்னை எழுதச் சொன்னாள். ஐந்து பாட்டு. ஒரு நம்பரும் தப்பவில்லை. எழுதி முடித்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நீ என்ன சொல்ல வந்த?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓலை வாசித்த நாளில் இருந்த பிடி இப்போது அவளிடம் இல்லை.

“ஞாபகம் இல்லடி” என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் யார் என்ன சேலை கட்டினார்கள் என்று சொல்கிறவளுக்கு அது ஞாபகம் இல்லையாம். என் அக்கா என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் எனக்காகத்தான் சொன்னாள்.

இன்றும் அதே கிளினிக்கில், அதே கவுண்டரில்தான் இருக்கிறேன். படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துக் கொடுக்கிறவர்களை நான் இப்போது திட்டுவதில்லை. தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்கிறேன். அம்மாவுக்கு மகளோ, மனைவிக்குக் கணவனோ, கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. அவங்க சொல்லட்டும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து, தயங்கி, பிறகு பேசுகிற வரைக்கும் அதிகம் போனால் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை என் அக்காவுக்கு நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.